நோயுற்ற குழந்தைகளின் கோடை முகாமில் தன்னார்வலராகப் பணிபுரிய: முழுமையான வழிகாட்டி

கடுமையான நோயோடு வாழும் குழந்தைகளுக்குக் கோடை முகாம் என்று சொன்னதும், மருத்துவமனை வார்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோப்புக்குள் வைத்ததுபோல ஒரு படம்தான் பலருக்கும் மனதில் ஓடும். நேரில் போனால் சத்தத்தில் காது கிழியும். சாப்பாட்டுக்கூடத்தில் மேசையைத் தட்டித் தட்டிப் பாட்டு, குளத்தில் படகு, முகமெல்லாம் பெயின்ட். மருத்துவமும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கண்ணில் படாத இடத்தில், ராப்பகலாக விழித்தபடி. தன்னார்வலராகப் போகிறவர் இந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு நோய் பின்வரிசைக்குப் போயிருக்கும்போது, காலியான முன்வரிசையில் நம்முடைய பரிதாபம் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, பழகத்தான் நாளாகும்.

குழந்தைகளோடு குடிலில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சமையலறை, படகுத்துறை, கைவேலைக் கூடம் போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்

ஏன் போகிறீர்கள் என்பதற்கு உன்னதமான பதில் எதுவும் தேவையில்லை. 'குழந்தைகளோடு கூத்தடிக்கப் பிடிக்கும்' என்பதே நல்ல பதில். 'என் கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர்களைப் பார்த்தால் புரியும்' என்று நினைத்துப் போகிறவர்தான் இரண்டாம் நாளே தடுமாறுவார். நம் மனதைத் தேற்றிக்கொடுப்பது அந்தக் குழந்தைகளின் பொறுப்பல்ல.

வீட்டில் யாரையாவது இதே நோய்க்குப் பறிகொடுத்து அதிக நாள் ஆகவில்லையென்றால் இந்த ஆண்டு போக வேண்டாம். நீங்களே சிகிச்சையில் இருந்து மீண்டவர் என்றால் நீங்கள் அங்கே பெரிய சொத்து. ஆனாலும் அதற்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், விண்ணப்பத்திலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை முதல் இரவு வரை நடை, சக்கர நாற்காலி தள்ளுவது, அரைத்தூக்கம். பெரும்பாலான முகாம்கள் குறைந்தது 18 வயது கேட்கின்றன, சில அதற்கும் மேலே கேட்கும். மேல்வரம்பு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பொறுமையான தாத்தா ஒருவர் குடிலில் இருந்தால் இரவு பத்து மணிக்கு அந்தக் குடில் மட்டும் அமைதியாக இருக்கும்.

படி 2: முகாமைத் தேர்ந்தெடுப்பது

இந்த முகாம்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1922இல். மூன்றே ஆண்டுகளில், 1925இல், அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் வென்ட் என்ற மருத்துவர் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு முகாம் தொடங்கிவிட்டார். ஆஸ்திரேலியாவின் 'கேம்ப் குவாலிட்டி' 1983 முதல் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்காக இயங்குகிறது. நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய 'ஹோல் இன் தி வால் கேங்' முகாமும், அதன் வழியில் உருவான 'சீரியஸ்ஃபன்' வலையமைப்பும் இன்றைய பாணிக்கு முன்மாதிரி. அயர்லாந்தில் 1994இல் தொடங்கிய பாரட்ஸ்டவுன் அதில் ஒன்று. இந்த வலையமைப்பு முகாம்களில் குடும்பங்களிடம் காசு வாங்குவதில்லை.

முகாம்களில் பல வகை. ஒரே நோய்க்கானவை, பல நோய்களுக்குப் பொதுவானவை, குடும்பத்தோடு தங்குபவை, பகலில் மட்டும் நடப்பவை. நோயுற்ற குழந்தையின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கென்றே நடப்பவையும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான். வீட்டில் எல்லாக் கண்களும் இன்னொரு குழந்தைமேல் இருக்க, ஆண்டுக்கணக்கில் ஓரமாக நின்ற குழந்தைகள் இவர்கள். மருத்துவச் சிக்கல் குறைவு, கற்றுக்கொள்ள ஏராளம் உண்டு.

ஒரு முகாம் தரமானதா என்று பார்க்க அதன் புகைப்படங்களை நம்ப வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள். டாக்டரும் நர்சும் இரவிலும் வளாகத்திலேயே தங்குவார்களா? அவசரமென்றால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம், முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்களா? தன்னார்வலர் பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? பயிற்சி எத்தனை மணி நேரம்? குழந்தை பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் யார்? 'அதெல்லாம் இங்கே குடும்பம் மாதிரிதான், பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு முகாம் தேடுங்கள். நன்கொடையாளர்கள் வந்து குழந்தைகளோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரம் நிகழ்ச்சி நிரலில் இருந்தாலும் எனக்கு யோசனைதான்.

படி 3: விண்ணப்பம்

கோடை முகாமுக்குக் கோடையில் விண்ணப்பிக்க முடியாது. பல மாதங்களுக்கு முன்பே ஆரம்பியுங்கள். உறவினரல்லாத இரண்டு மூன்று பேரின் பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு, உடல்நலச் சான்று, நேர்காணல் எல்லாம் கேட்பார்கள். 'சேவை செய்ய வருகிறவனையே சந்தேகப்படுகிறார்களே' என்று முகம் சுளிக்க வேண்டாம். சோதிக்காத முகாமைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். தட்டம்மை, சின்னம்மை, ஃப்ளூ, கக்குவான் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட வேண்டியிருந்தால் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட வேண்டாம். நமக்கு நாலு நாள் படுக்கையோடு போகும் சின்னம்மை, கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை எடுக்கும் குழந்தையின் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். தொற்று ஏற்பட்டு 21 நாள் வரைகூட அறிகுறி தெரியாமல் இருக்கலாம். அதனால் புறப்படுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அம்மை கண்ட யாரோடாவது பழகியிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். முதல் நாள் காலையில் தொண்டை கரகரத்தாலும் அப்படியே. 'வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே' என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் நிற்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தீங்கு.

நேர்காணலில் சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்: குழந்தை உங்களை அடித்தால் என்ன செய்வீர்கள், இரவு அழுதால் என்ன செய்வீர்கள், சக தன்னார்வலர் விதி மீறினால் சொல்வீர்களா? தெரியாததற்குத் தெரியாது என்பதே நல்ல பதில். 'நர்சிடம் கேட்பேன்' என்று சொல்பவரை எந்த முகாமும் தட்டிக்கழிக்காது.

படி 4: நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்

டாக்டர் அளவுக்குத் தெரிய வேண்டியதில்லை. எதைச் செய்யக் கூடாது, எதைப் பார்த்தவுடன் வாக்கி-டாக்கியைத் தூக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். பயிற்சியில் சொல்லித்தருவார்கள் என்றாலும் முதலிலேயே மண்டையில் ஏறியிருந்தால் நல்லது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். அப்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்கூட அவசரநிலைதான். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் இலக்கு. உடம்பு சுடுகிறதே என்று நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்தால் அந்த எச்சரிக்கை மணியை நீங்களே நிறுத்திவிடுகிறீர்கள். மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் பதிக்கும் 'போர்ட்' என்ற சிறு கருவி இருந்தால், அதில் ஊசி குத்தியிராத நேரத்தில் பெரும்பாலும் நீந்தலாம். வெளியே குழாய் தொங்கும் வகை என்றால் தண்ணீர் பக்கம் போவதை நர்ஸ்தான் முடிவு செய்வார். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைவு என்றால் இடித்துப் பிடித்து ஆடும் ஆட்டங்கள் கிடையாது. ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குப் பசி அடங்காது, கோபமும் சட்டென்று வரும். மூன்றாவது தட்டு கேட்டால் முகத்தில் எதையும் காட்டாமல் வையுங்கள்.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறிவிடும் அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்கு எதிரி குளிரும் நாவறட்சியும். குளத்திலிருந்து ஏறியதும் போர்த்த உலர்ந்த துண்டு கையில் தயாராக இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். இந்த நோயின் வலி வெளியே தெரியாது. வருடக்கணக்கில் வலித்துப் பழகிய குழந்தை, அழாமல் சீட்டு விளையாடிக்கொண்டே 'பத்துக்கு எட்டு வலி' என்று சொல்லும்.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ள பையன் தலையில் அடிபட்டுக்கொண்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் நேராக மருத்துவக் கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்பதே கிடையாது. அந்த முகாம்கள் பலவற்றில் இன்னொரு காட்சியும் உண்டு. ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் மருந்தைத் தானே ரத்தக்குழாயில் ஏற்றிக்கொள்ள ஒரு குழந்தை முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும். மொத்தக் கூட்டமும் கைதட்டும். வீட்டில் அம்மா கெஞ்சியும் நடக்காதது, பக்கத்துக் கட்டில்காரன் செய்வதைப் பார்த்ததும் நடந்துவிடுகிறது.

டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு நாள் முழுக்க ஓடியாடினால் இரவில் சர்க்கரை இறங்கும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரைக்குச் சமமான ஜூஸோ மாத்திரையோ, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சட்டென்று எரிந்துவிழும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அளவைப் பாருங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். உடனே ஒருவர் நர்சை அழைக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது ஆம்புலன்ஸ் விஷயம். ஸ்பைனா பிஃபிடா என்ற பிறவி முதுகெலும்புக் குறைபாடு உள்ள குழந்தைகள் பலருக்கு லேடெக்ஸ் என்ற ரப்பர் ஒவ்வாமை இருக்கும், ஆகவே பலூன் கூடாது. பிறந்தநாள் உற்சாகத்தில் பையில் பலூன் பாக்கெட்டோடு வருகிறவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இருப்பார்.

சில நோய்க்கு முகாம் நடத்துவதே பொருந்தாது. நுரையீரலில் கெட்டியான சளி சேரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில், ஒருவர் நுரையீரலில் இருக்கும் கிருமி இன்னொருவருக்குத் தாவும் என்பது தெரிந்தபின், 1990களில் அவர்களுக்கான முகாம்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. சந்தோஷத்துக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம் பயிற்சியில் அவசரத்தில் விட்டுப்போகலாம். தனக்கு என்ன நோய் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லப்பட்டிருக்காது. 'ரத்தத்தில் கொஞ்சம் பிரச்சினை' என்ற அளவில்தான் சிலருக்குத் தெரியும். எச்ஐவியோடு பிறந்த குழந்தைகளில் இது சகஜம். நோயின் பெயர் உங்கள் வாயிலிருந்து முதலில் வரவே கூடாது. குழந்தை எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

படி 5: பை கட்டுவது

ஈரமானாலும் பரவாயில்லை என்ற உடைகள், முன்பக்கம் மூடிய காலணி, தொப்பி, சன்ஸ்கிரீன், டார்ச், முள் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் போதும். போன் பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விடும், அதனால்தான் கடிகாரம். சென்ட் வேண்டாம். கீமோ எடுக்கும் குழந்தைக்கு உங்கள் வாசனையே குமட்டலைக் கிளப்பலாம். உங்கள் சொந்த மாத்திரைகளைக் குடிலில் வைக்கக் கூடாது, மருத்துவக் கூடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அசட்டுத்தனமான வேஷத்துணி ஏதாவது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் தேவைப்படும்.

படி 6: முதல் நாள்

பெற்றோர் வரும் நேரம்தான் நாளிலேயே கனமான நேரம். ஆண்டுக்கணக்கில் தன் குழந்தையை ஓர் இரவுகூடப் பிரிந்திராத அம்மா, மருந்துப் பையைக் கொடுத்துவிட்டுக் கையை விடாமல் நிற்பார். மருந்து விவரத்தை நர்ஸ் வாங்கிக்கொள்வார். நீங்கள் வேறு மாதிரிக் கேளுங்கள்: 'ராத்திரி தூங்க என்ன பண்ணுவீங்க அக்கா? பயந்தா எப்படித் தெரியும்? எது ரொம்பப் பிடிக்கும்?' அந்த அம்மாவுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வருவது இந்தக் கேள்விகளால்தான். உறவுக்காரர் ஒருவருக்கு இதே நோய் குணமான கதையையும், உங்களுக்குத் தெரிந்த வைத்தியரின் முகவரியையும் அங்கே எடுக்கக் கூடாது. அந்தக் குடும்பம் அப்படி நூறு முகவரி பார்த்திருக்கும்.

குழந்தையிடம் பேசும்போது கண்மட்டத்துக்கு இறங்குங்கள். சக்கர நாற்காலியில் இருந்தால், தள்ளுகிறவரிடம் அல்ல, உட்கார்ந்திருப்பவரிடம் பெயர் கேளுங்கள். நாற்காலியைத் தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், அது அவர்கள் உடம்பின் நீட்சி. முடி இல்லாத தலை, மூக்கில் குழாய், வெட்டிய கால் எல்லாம் உங்களுக்கு முதல் அரை மணி நேரம் கண்ணை உறுத்தும். அப்புறம் அவன் ஏமாற்றி ஆடுகிறான் என்பதுதான் உறுத்தும்.

மாலைக்குள் குடிலின் விதிகளைக் குழந்தைகளே சொல்ல நீங்கள் எழுதுங்கள். படுக்கை எது, கழிப்பறை எந்தப் பக்கம், இரவில் உங்களை எப்படி எழுப்புவது என்று காட்டிவிடுங்கள். தெரியாத இருட்டுக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது.

படி 7: உதவும் கை, உதவாத கை

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

கைவேலைக் கூடத்தில் ஒரு சிறுமி, ஒன்பது வயதிருக்கும், நூலில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து விரல் நுனி நரம்புகளை மரக்கச் செய்யும். பொத்தான் போடுவதுகூடக் கஷ்டமாகிவிடும். நூல் துளையைத் தாண்டித் தாண்டிப் போனது. நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கினாள். மணியை மேசையோடு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். ஒன்று ஏறியது, இரண்டாவது உருண்டு கீழே போனது, குனிந்து எடுத்தாள். நாலு மணி ஏறுவதற்குள் பக்கத்தில் இருந்த புதுத் தன்னார்வலருக்குப் பொறுக்கவில்லை. 'குடும்மா, அக்கா கோத்துத் தரேன்' என்று கை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள். மளமளவென்று மாலை முடிந்தது. அவள் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். மாலை அங்கேயேதான் கிடந்தது.

அந்த அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் மருத்துவமனையில் எல்லாரும் அவளுக்கு எல்லாவற்றையும் செய்துகொடுக்கிறார்கள். ஊசியை, சாப்பாட்டை, எப்போது எழ வேண்டும் என்பதை, அவளைக் கேட்காமலே மற்றவர் முடிவு செய்கிறார்கள். முகாம் அதைத் தலைகீழாக்கும் இடம். 'சிகிச்சைப் பொழுதுபோக்கு' என்று இந்தத் துறையில் சொல்லும் முறைக்கு நாலு கட்டம் உண்டு: சவால், வெற்றி, அதைத் திரும்பிப் பார்த்தல், தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கண்டுகொள்ளுதல். மணி கோப்பதும் சவால்தான். நாம் கோத்துக்கொடுத்தால் நாலும் நம்முடையதாகிவிடுகிறது.

அப்படியென்றால் சும்மா இருப்பதா? இல்லை. பெரிய துளை மணியையும் விறைப்பான நூலையும் முன்கூட்டியே மேசையில் வைத்திருக்கலாம், எல்லாருக்கும் சேர்த்து, அவளுக்கென்று தனியாகக் காட்டாமல். உங்களுக்கும் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கோக்கலாம். உதவி கேட்டால், எந்த இடத்தில் உதவட்டும் என்று திருப்பிக் கேட்டு, அந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொடுக்கலாம்.

கயிறேறும் சுவரிலும் இதே கதைதான். எவ்வளவு உயரம் என்பதைக் குழந்தை முடிவு செய்யும். கயிறு கட்டிக்கொள்வதோடு நிறுத்தினாலும் அது அவர் எடுத்த முடிவு. கீழே நின்று 'உன்னால முடியும், இன்னும் ஒரு படி' என்று கத்துவது உற்சாகம் மாதிரித் தெரியும். ஏற விரும்பாதவருக்கு அது நெருக்கடி. ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையை ஓயாமல் அழைக்கவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து நீங்களும் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருங்கள். களைப்பு உண்மையானது. மதிய ஓய்வு நேரம் அட்டவணையில் இருப்பதற்கு அதுதான் காரணம், அதை விளையாட்டால் தின்றுவிடாதீர்கள்.

படி 8: மீறவே கூடாத விதிகள்

ஒரு குழந்தையோடு தனியாக, மற்றவர் கண்ணில் படாத இடத்தில் இருக்காதீர்கள். உடை மாற்றவோ குளிக்கவோ உதவி தேவைப்பட்டால், முகாம் சொன்ன முறையில், இன்னொரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போதெல்லாம் தலையை எண்ணுங்கள். மருந்து எதையும், இருமல் மிட்டாயைக்கூட, நீங்களாகக் கொடுக்காதீர்கள். உங்கள் தின்பண்டத்தையும் பங்கு போடாதீர்கள். ஒவ்வாமைப் பட்டியல் நர்சிடம் இருக்கிறது, உங்கள் பையில் இல்லை. கையை சோப்புப் போட்டு 20 நொடி கழுவுவது ஒரு நாளில் பலமுறை நடக்கும். படம் எடுப்பது முகாம் நியமித்தவரின் வேலை. பெயர் இல்லாமல், முகம் தெரியாமல்கூட சமூக வலைத்தளத்தில் எதையும் போடாதீர்கள்.

'யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க' என்று குழந்தை ஆரம்பித்தால் சத்தியம் செய்யாதீர்கள். 'உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுன்னா, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அப்படியும் சொல்வார்கள். யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள். குழந்தையின் சொற்களிலேயே எழுதி, உடனே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சரியா தப்பா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையல்ல.

படி 9: இரவு

வீட்டு ஞாபகம் பகலில் வராது, விளக்கணைந்ததும் வரும். உடனே வீட்டுக்குப் போன் போட்டுத் தருவது பெரும்பாலும் அழுகையைக் கூட்டத்தான் செய்யும். முகாமின் வழக்கம் என்னவோ அதன்படி செய்யுங்கள். 'அழாதே' என்பதைவிட, 'அம்மா இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?' என்று கேட்டுப் பேசவிடுவது நன்றாக வேலை செய்கிறது. நாளைக் காலையில் நடக்கப்போகும் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிவைத்தால் தூக்கம் சீக்கிரம் வரும். படுக்கை நனைந்திருந்தால் மாற்று விரிப்பு, பேச்சில்லாமல், மற்றவர் எழுவதற்குள். வலி, சுடும் உடம்பு, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், எதுவானாலும் நர்சை எழுப்பத் தயங்காதீர்கள். அவர் அதற்காகத்தான் அங்கே படுத்திருக்கிறார்.

பல முகாம்களில் தூங்குமுன் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பற்றி ஒவ்வொருவரும் பேசுவார்கள். ஒரு நாளும் பேசாத பிள்ளை அங்கே பேசும். தன்னைப் போலவே கீமோவில் ருசி போனதை இன்னொருவன் சொல்லக் கேட்டு, 'எனக்கும்டா!' என்று துள்ளி எழும். இந்த நேரத்தில் உங்கள் அறிவுரைக்கு இடமில்லை. வட்டத்தைச் சுற்றிவிடுவது மட்டும் உங்கள் பங்கு.

அந்த நேரத்தில்தான் கேள்விகளும் வரும். 'அண்ணா, நான் செத்துப்போயிடுவேனா?' இதற்கு 'சேச்சே, அப்படியெல்லாம் பேசாதே' என்று சொன்னால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களிடம் எதுவும் கேட்காது. பொய்யாக உறுதி கொடுக்காதீர்கள், சாமி பார்த்துக்கும் என்றும் மூடாதீர்கள். 'ஏன் அப்படித் தோணுது?' என்று கேளுங்கள். பல சமயம் பயம் வேறிடத்தில் இருக்கும். வார்டில் பக்கத்துப் படுக்கை காலியானது, அப்பா தனியாக அழுததைப் பார்த்தது. கேட்டுக்கொண்டு, 'எனக்குத் தெரியலை. நீ கேட்டது நல்லதுதான். இதை யார்கிட்ட பேசினா உனக்கு நல்லா இருக்கும்?' என்று சொல்லலாம். அப்புறம் அன்றிரவே நர்சுக்கோ மனநல ஆலோசகருக்கோ தெரியப்படுத்துங்கள். மறுநாள் காலையில் அதே பிள்ளை யார் முதலில் படகில் ஏறுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதை ஆச்சரியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் தூக்கத்தையும் கவனியுங்கள். மூன்றாம் நாளில் எல்லாருக்கும் சுருதி இறங்கும், காரணமில்லாமல் கண் கலங்கும். ஓய்வு முறை வரும்போது படுங்கள். குழந்தைகள் முன்னால் அழுகை வந்தால் சக தன்னார்வலரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒரு நடை போய்வாருங்கள்.

படி 10: கடைசி நாளும் அதற்குப் பிறகும்

'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று யாருக்கும் சொல்லாதீர்கள். உங்களாலும் உறுதி தர முடியாது, அந்தக் குழந்தையாலும் முடியாது. 'இந்த வாரம் உன்னோட இருந்தது ரொம்பப் பிடிச்சது' என்று, நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். போன் நம்பர், இன்ஸ்டாகிராம் கணக்கு, தனிப் பரிசு கிடையாது. கேட்டால் 'முகாம் விதி' என்று பழியை விதிமேல் போட்டுவிடுங்கள். பெற்றோர் வந்ததும், மருத்துவ விஷயத்தை நர்ஸ் சொல்வார், நீங்கள் அவர்களுக்குத் தெரியாத குழந்தையைச் சொல்லுங்கள்: உங்கள் மகன் ராத்திரி பயந்த பையனுக்குத் தன் டார்ச்சைக் கொடுத்தான், உங்கள் மகள் மேசைத் தாளத்தில் எல்லாரையும் தோற்கடித்தாள்.

வீடு திரும்பியபின் ஒரு வாரம் எல்லாம் மந்தமாக, சத்தமில்லாமல் இருக்கும். அலுவலகப் பேச்சு அற்பமாகத் தோன்றும். அது தானே சரியாகும்; அதற்காகச் சக ஊழியர்களுக்கு வாழ்க்கைப் பாடம் எடுக்க வேண்டாம். முகாமில் கேட்ட குழந்தைகளின் கதைகள் உங்களுடையவை அல்ல. சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கு நீங்கள் வேஷம் கட்டி ஆடிய கதையே போதும். எப்போதாவது ஒரு குழந்தை இறந்த செய்தியும் வரும். பல முகாம்கள் தன்னார்வலர்களுக்கு அதை முறையாகத் தெரிவித்து, பேசவும் ஏற்பாடு செய்யும். தெரிவிக்க வேண்டுமா என்று உங்களிடம் முன்பே கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்பதும் சரியான பதில்தான்.

கருத்துப் படிவம் வந்தால் நிரப்பி அனுப்புங்கள், குறிப்பாக என்ன சரியில்லை என்பதை. மறுபடி போக நினைத்தால் எந்த வயதுக் குழந்தைகளோடு உங்களுக்கு ஒத்துப்போகிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஆறு வயதுக்காரர்களோடு அசத்துகிறவர் பதினைந்து வயதுக்காரர்களிடம் திணறுவது சகஜம்.

கடைசியாக ஒரு போன் அழைப்பு பாக்கி இருக்கலாம். வீடு திரும்பிய ஓரிரு நாளில் உங்களுக்குச் சின்னம்மைக் கொப்புளமோ, தட்டம்மையோ, கக்குவான் இருமலோ வந்தால் அன்றே முகாமுக்குச் சொல்லுங்கள். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கு, தொற்று நேர்ந்து 10 நாட்களுக்குள் பாதுகாப்பு ஊசி போட வழி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யார் யார் குடிலில் இருந்தார்கள் என்ற பட்டியல் முகாமிடம் இருக்கும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.